நண்பன் வைத்த வெடி... ஆண்டர்ஸை மன்னிக்கலாமா?

ஒரு மரப்பெட்டி மேல் அவன் உட்கார்ந்திருக்கிறான். முதுகு நம் பக்கம். தலை குனிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஊரின் மிகப் பெரிய வழிபாட்டுத் தலத்தை, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து, வெடி வைத்துத் தகர்த்திருக்கிறான். ஆனால் ஓடவில்லை, ஒளியவில்லை. நாம் என்ன முடிவெடுக்கப்போகிறோம் என்று காத்திருக்கிறான்.

நம் கையில் கத்தி இருக்கிறது. எதிரே இருப்பவன் எதிரி அல்ல, வருடக்கணக்கில் நம்மோடு நடந்த நண்பன்.

'டிராகன் ஏஜ் 2' விளையாடிய யாருக்கும் இந்தக் காட்சி மறக்காது. 2011 மார்ச்சில் வெளியான கேம். கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் உருவாக்கியது. இந்த வரிசையில் 2009, 2011, 2014, 2024 என நான்கு பெரிய கேம்கள் வந்துவிட்டன. கிராபிக்ஸ் பழசாகிவிட்டது, ஆனால் அந்த மரப்பெட்டியின் முன் எழுகிற கேள்வி மட்டும் பழசாகவில்லை. ஆண்டர்ஸ் மன்னிக்கப்பட வேண்டியவனா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியால் நானும் அண்ணனும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. 2020 லாக்டௌன் சமயம். ஒரே கம்ப்யூட்டர். பகலில் நான், ராத்திரியில் அவன் என்று முறை வைத்து ஆளுக்கொரு ஆட்டம் ஆடினோம். நான் ஆண்டர்ஸை உயிரோடு விட்டேன். அண்ணன் கத்தியை இறக்கினான்.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இனி வரும். இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், முடித்துவிட்டு வந்து படியுங்கள்!)

யார் இந்த ஆண்டர்ஸ்?

கேம் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இது ரோல் பிளேயிங் வகை கேம். நாம் ஹாக் என்ற கதாபாத்திரமாக ஆடுகிறோம். ஹாக் ஆணா பெண்ணா, வாள்வீரரா மந்திர சக்தி உள்ளவரா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். நம்மோடு சில தோழர்கள் சேர்வார்கள். அவர்களைக் 'கம்பானியன்' என்பார்கள். சண்டைக்கு வருவார்கள், வழியில் வம்பளப்பார்கள், நாம் எடுக்கும் முடிவுகளைப் பாராட்டுவார்கள், திட்டுவார்கள். சிலரைக் காதலிக்கவும் முடியும். 30, 40 மணி நேரம் இவர்களோடு ஆடி முடிக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்களைவிட இவர்களை நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆண்டர்ஸ் அப்படி ஒரு கம்பானியன். அவன் முதலில் வந்தது 2010-ல் வெளியான 'அவேக்கனிங்' என்ற கூடுதல் அத்தியாயத்தில். அப்போது அவன் ஜாலியான ஆள். வாயைத் திறந்தால் நக்கல். ஒரு பூனைக்குட்டியைப் பையில் வைத்துக்கொண்டு திரிவான். அந்தப் பூனைக்கு 'சர்' பட்டம் வேறு கொடுத்திருப்பான்.

'டிராகன் ஏஜ் 2'-ல் திரும்ப வரும்போது பூனை இல்லை. சிரிப்பும் குறைந்திருக்கிறது. கிர்க்வால் என்ற நகரத்தின் அடித்தட்டில், சாக்கடைகளுக்கு நடுவே டார்க்டவுன் என்று ஒரு பகுதி. போருக்குப் பயந்து ஓடிவந்த ஃபெரல்டன் நாட்டு அகதிகள் ஒண்டிக்கிடக்கும் இடம் அது. அங்கே காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் ஒரு மருத்துவமனையை ஆண்டர்ஸ் நடத்திக்கொண்டிருக்கிறான். நாம் அவனை முதன்முதலில் பார்ப்பதே அங்கேதான்.

இப்படி ஒருத்தன் ஏன் வெடி வைத்தான்?

தப்பே செய்யாமல் சிறை

இந்தக் கதை நடக்கும் உலகத்தின் பெயர் தீடஸ். அங்கே சிலர் பிறக்கும்போதே மந்திர சக்தியோடு பிறக்கிறார்கள். அவர்களை 'மேஜ்' என்கிறார்கள். அந்தச் சக்தி ஆபத்தானது என்பதும் உண்மை. கனவுலகத்தில் உலவும் தீய ஆவிகள், மேஜ்களின் உடலுக்குள் புகுந்து ஊரையே நாசம் செய்துவிட முடியும். அதற்குப் பயந்து, சக்தி தெரிந்த உடனேயே குழந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரித்து 'சர்க்கிள்' எனப்படும் கோபுரத்தில் அடைத்துவிடுவார்கள். காவலுக்கு 'டெம்ப்ளர்' என்ற படைவீரர்கள். மேஜின் ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். தப்பித்தால் அதை வைத்தே மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆபத்தானவர் என்று கருதப்படும் மேஜ்களின் மனதையே அறுத்துவிடும் ஒரு சடங்கு. அதற்குப்பின் அவர்களுக்குக் கனவு வராது, கோபம் வராது, அழுகை வராது. சொன்ன வேலையைச் செய்துகொண்டு நடமாடுவார்கள். 'ட்ராங்க்வில்' என்று பெயர். அமைதியானவர்கள் என்று அர்த்தம்!

ஆண்டர்ஸ் சர்க்கிளிலிருந்து 7 முறை தப்பித்தவன். அதற்குத் தண்டனையாக ஒரு வருடம் தனியறையில் அடைக்கப்பட்டவன். கிர்க்வாலுக்கு அவன் வந்ததே கார்ல் என்ற பழைய நண்பனை மீட்கத்தான். போய்ப் பார்த்தால் கார்ல் ஏற்கெனவே ட்ராங்க்வில் ஆக்கப்பட்டிருக்கிறான். ஒரு சில நிமிடங்கள் மட்டும் கார்லுக்குப் பழைய உணர்வு திரும்புகிறது. அந்தச் சில நிமிடங்களில் அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்... திரும்ப அப்படி ஆவதற்குள் என்னைக் கொன்றுவிடு.

ராத்திரி 1 மணிக்கு அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அண்ணன் என்னை எழுப்பி, "இவனுங்கள சும்மாவே விடக் கூடாது" என்றான். அவனேதான் பின்னால் கத்தியை எடுத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீதி, பழியானது

ஆண்டர்ஸுக்குள் இன்னொருவரும் இருக்கிறார். 'அவேக்கனிங்'கில் ஜஸ்டிஸ் என்ற ஓர் ஆவி பாத்திரம் வரும். பெயருக்கேற்ற மாதிரி நீதியைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆவி. தங்க உடல் இல்லாமல் தவித்த அந்த நண்பனுக்குத் தன் உடலிலேயே இடம் கொடுக்கிறான் ஆண்டர்ஸ். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அவனுக்குள் வருடக்கணக்கில் சேர்ந்திருந்த கோபம் அந்த ஆவியையும் மாற்றிவிடுகிறது. நீதி, பழிவாங்கும் வெறியாகிவிடுகிறது.

இதற்கு நடுவில் வரும் ஒரு சம்பவத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆல்ரிக் என்ற டெம்ப்ளர் அதிகாரி, மேஜ்கள் எல்லோரையுமே ட்ராங்க்வில் ஆக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறான். எல்லா என்ற பெண்ணை அவன் மிரட்டிக்கொண்டிருக்கும்போது ஆண்டர்ஸும் நாமும் போய்க் காப்பாற்றுகிறோம். அவளோ ஆண்டர்ஸுக்குள்ளிருந்து கிளம்பிய ஆவியைப் பார்த்து அலறுகிறாள். அடுத்த நொடி, காப்பாற்ற வந்தவனே அவளைக் கொல்லக் கையை ஓங்குகிறான். நாம் சரியான வார்த்தை சொல்லித் தடுத்தால்தான் அவள் பிழைப்பாள்.

பின்னால் ஆல்ரிக்கின் காகிதங்கள் கிடைக்கின்றன. அந்தத் திட்டத்தை மேலிடம் ஏற்கெனவே நிராகரித்துவிட்டது என்பது அதில்தான் தெரியவருகிறது. எதிரிகள் என்று ஆண்டர்ஸ் நினைத்தவர்கள்கூட 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஆண்டர்ஸின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் யார் மேல் இறங்கும் என்பது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. வெடி வைப்பதற்குப் பல வருடம் முன்பே கேம் இதை நமக்குக் காட்டிவிடுகிறது.

அந்தப் பொய்

மூன்றாவது பகுதி. ஆண்டர்ஸ் நம்மிடம் ஓர் உதவி கேட்கிறான். தன்னிடமிருந்து அந்த ஆவியைப் பிரிக்க ஒரு மருந்து தயாரிக்க வேண்டுமாம். அதற்குச் சாக்கடையிலிருந்து ஒரு வகை உப்பும், சுரங்கத்திலிருந்து ஒரு வகைக் கல்லும் வேண்டும். நண்பன் குணமாகப்போகிறான் என்ற சந்தோஷத்தில் நாம் முட்டிவரை சேற்றில் இறங்கிச் சேகரிக்கிறோம்.

அடுத்து இன்னொரு உதவி. சான்ட்ரிக்குள் போய்த் தலைமைக் குரு எல்தினாவிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு, எதற்கு என்று கேட்காதே என்கிறான். சான்ட்ரி என்பது அந்த உலகத்தின் தேவாலயம் மாதிரி.

மருந்தெல்லாம் கிடையாது. நாம் பொறுக்கிக் கொடுத்தது வெடிமருந்துக்கான சரக்கு. நாம் பேச்சுக் கொடுத்தது, அவன் வெடியை உள்ளே வைப்பதற்காக.

கிளைமாக்ஸில் டெம்ப்ளர்களின் தலைவி மெரடித்தும், மேஜ்களின் தலைவர் ஒர்சினோவும் தெருவில் நின்று மோதுகிறார்கள். விஷயத்தை எல்தினாவிடம் கொண்டுபோகிறேன் என்கிறார் ஒர்சினோ. அந்த இடத்தில்தான் ஆண்டர்ஸ் குறுக்கே வருகிறான். சமரசத்துக்கான வாய்ப்பையே தான் இல்லாமல் செய்துவிட்டதாக அறிவிக்கிறான். தூரத்தில் சான்ட்ரி சிவப்பு ஒளியோடு வெடித்துச் சிதறுகிறது. எல்தினா உட்பட உள்ளே இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை.

மெரடித் உடனே, சர்க்கிளில் உள்ள எல்லா மேஜ்களையும் கொல்ல உத்தரவிடுகிறார். வெடி வைத்த ஆண்டர்ஸ் அந்தச் சர்க்கிளைச் சேர்ந்தவனே இல்லை. ஆனாலும் பழி அவர்கள் மேல்.

அண்ணன் சொன்னது... நான் சொன்னது!

நான் மேஜ் ஹாக்காக ஆடினேன். அதாவது என் கதாபாத்திரத்துக்கும் மந்திர சக்தி உண்டு. டெம்ப்ளர் கண்ணில் பட்டால் என்னையும் அடைத்துவிடுவார்கள். ஆட்டம் முழுக்க அந்தப் பயம் கூடவே இருந்தது. ஆண்டர்ஸ் பேசியதெல்லாம் எனக்காகப் பேசியது மாதிரியே இருந்தது.

"எல்தினா நல்லவங்கதான். ஆனா இத்தனை வருஷம் என்ன பண்ணாங்க? நான் நடுநிலைன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருந்தாங்க. மெரடித்தை வேலைய விட்டுத் தூக்கியிருக்கலாம்ல? ஒருத்தன் கத்திக் கத்திப் பார்த்தான், எழுதிக் கொடுத்துப் பார்த்தான், யாரும் கேட்கலை. அப்புறம் என்னதான் பண்ணுவான்?" இது என் வாதம்.

அண்ணன் வாள்வீரன் ஹாக்காக ஆடினான். அங்கேதான் விஷயமே. நாம் மேஜாக ஆடினால், ஹாக்கின் தங்கை பெத்தனி கதை தொடங்கும்போதே இறந்துவிடுவாள். வாள்வீரனாக ஆடினால் பெத்தனி பிழைப்பாள், அவள்தான் அந்தக் குடும்பத்தின் மேஜ். முதல் பகுதியின் முடிவில் அண்ணன் அவளை ஒரு பயணத்துக்குக் கூட்டிப்போகாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது டெம்ப்ளர்கள் அவளைச் சர்க்கிளுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார்கள்.

அதனால் மெரடித் கொல்லச் சொன்ன மேஜ்களில் பெத்தனியும் ஒருத்தி.

"உள்ள என் தங்கச்சி இருக்கா. அது அவனுக்கு நல்லாத் தெரியும். அவளோட ஒண்ணா நடந்திருக்கான், பேசியிருக்கான். வெடி வச்சா மெரடித் என்ன பண்ணுவான்னும் தெரியும். தெரிஞ்சேதான் வச்சான். யார் உயிர வச்சு யார் பந்தயம் கட்றது? கட்றதுன்னா அவன் உயிர வச்சு மட்டும் கட்டட்டும்" என்றான் அண்ணன்.

என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "உனக்கு உன் தங்கச்சி மட்டும்தான். எத்தனை பேரு தங்கச்சி அந்தக் கோபுரத்துல கிடக்காங்க?" என்று கத்தினேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அதுதான் அந்த இரண்டு நாள்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று புரிகிறது. நாங்கள் இருவரும் ஆடியது ஒரே கேம், பார்த்ததும் ஒரே வெடி. நான் யாராக ஆடினேன், அவன் யாரை இழக்க இருந்தான் என்பதுதான் எங்கள் தீர்ப்பை எழுதியது. நியாயம் பேசுவதாக நினைத்து, நாங்கள் நின்ற இடத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா கேட்ட இரண்டு கேள்வி

மூன்றாவது நாள் காபி கொடுக்க வந்த அம்மா, "என்னதாண்டி சண்டை உங்களுக்குள்ள?" என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். சர்க்கிள், கார்ல், மருந்து என்று சொல்லிக் கூட்டிப்போன பொய், வெடி எல்லாம். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார்.

"அவன் மன்னிப்புக் கேட்டானா?"

யோசித்தேன். நான் ஆடிய ஆட்டத்தில் கேட்கவில்லை. நட்பு மதிப்பெண் அதிகமாக இருக்கும் ஆட்டத்தில், தான் செய்ததில் அவன் உறுதியாகவே இருக்கிறான். இதற்கு விலை தன் உயிர் என்றால் கொடுத்துவிடத் தயார் என்ற மனநிலை. சாகத் தயாராக இருப்பதும் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றில்லையே! நாம் அவனோடு எப்போதும் முரண்பட்டு, எதிர்த்துப் பேசியே வந்திருந்தால்தான் தன்மேலேயே சந்தேகம் கொண்ட ஆண்டர்ஸைப் பார்க்க முடியும். தலையாட்டிய நண்பனிடம் அவன் உறுதியாக இருக்கிறான், எதிர்த்துப் பேசிய நண்பனிடம்தான் உடைகிறான். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உறுத்தும்.

"செத்தவங்க வீட்டுக்காரங்க யாராவது மன்னிச்சாங்களா?" இது இரண்டாவது கேள்வி. "அவங்க சொல்லாம நீங்க ரெண்டு பேரும் யாரு, மன்னிக்கிறதுக்கும் மாட்டேங்கிறதுக்கும்?"

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

'மன்னிக்கிறேன்' என்ற பட்டன் இல்லை

அதற்குப்பின் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அம்மா சொன்னது கேமுக்குள்ளேயே இருக்கிறது. மரப்பெட்டி முன் நமக்குக் கிடைப்பவை மூன்றே வழிகள். கொல்லலாம், போகச் சொல்லலாம், கூட வரச் சொல்லலாம். 'மன்னிக்கிறேன்' என்றொரு வழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. உயிரோடு விடுவதை நாம்தான் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

முடிவெடுக்கும் முன் மற்ற தோழர்களின் கருத்தையும் கேட்கலாம். ஃபென்ரிஸ் முன்பு ஒரு மேஜிடம் அடிமையாக இருந்து தப்பி வந்தவன். அவனுக்குச் சந்தேகமே இல்லை, கொன்றுவிடு என்பான். கதை சொல்லி வாரிக், மேஜ் டெம்ப்ளர் சண்டையே தனக்குச் சலித்துவிட்டது என்பான். மெரில் என்ற வெகுளிப் பெண் மட்டும் வேறொன்று சொல்கிறாள். அவன் நம்மோடு வரட்டும், தான் கெடுத்ததைத் தன்னால் முடிந்தவரை சரிசெய்யட்டும் என்பது அவள் கருத்து. முதல்முறை ஆடும்போது அதை நான் கவனிக்கவே இல்லை.

எல்தினாவைத் தாயாக நினைத்தவன் செபாஸ்டியன். அவனுடைய கதையைத் தனியாக வாங்கிச் சேர்த்திருந்தால் அவனும் அந்த இடத்தில் நிற்பான். இந்தக் கூட்டத்தில் நேரடியாக இழந்தவன் அவன்தான். ஆண்டர்ஸைக் கொல்லச் சொல்கிறான். நாம் மறுத்தால், ஒரு படையோடு திரும்பி வந்து இந்த ஊரையே அழிப்பேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போய்விடுவான். நியாயம் கேட்டு வந்தவன் நம் கண் முன்னே இன்னொரு ஆண்டர்ஸாக மாறுகிறான்!

முன்பே ஒரு தடவை...

இப்படிக் கேட்பது இந்த கேம் வரிசைக்குப் புதிதல்ல. 2009-ல் வந்த முதல் கேமான 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்'ஸில் லோகேன் என்ற தளபதி வருவார். நாட்டை அந்நியர்களிடமிருந்து மீட்ட பழைய ஹீரோ. ஆஸ்டகார் போரில் இளம் மன்னர் கெய்லனைக் களத்தில் விட்டுவிட்டுத் தன் படையோடு பின்வாங்கிவிடுவார். மன்னர் இறந்துவிடுவார். நம் தோழன் அலிஸ்டருக்குத் தந்தை போல இருந்த டங்கனும் அங்கேயே சாவார்.

கடைசியில் லோகேன் தோற்று நம் முன் நிற்கும்போது, அவரைக் கொல்லலாம், அல்லது நம் படையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் நம்மோடு இருக்கமாட்டான். ஆட்டத்தின் ஆரம்பத்திலிருந்து கூட வந்தவன் அந்த நிமிடத்தில் விலகிவிடுவான்.

லோகேனுக்கு இரக்கம் காட்டினால் அலிஸ்டர் போகிறான். ஆண்டர்ஸுக்குக் காட்டினால் செபாஸ்டியன் போகிறான். இரண்டு கேமும் ஒன்றைத்தான் சொல்கின்றன. நாம் காட்டும் இரக்கத்துக்கான விலையைப் பல நேரம் நாம் கொடுப்பதில்லை, ஏற்கெனவே இழந்தவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. லோகேன் தன் மிச்ச வாழ்க்கையை வைத்து ஏதாவது செய்ய வாய்ப்பு இருக்கிறது. கடைசிப் போரில் எல்லோருக்காகவும் தன் உயிரையே கொடுக்கும் முடிவுகூட அவருக்கு உண்டு. ஆண்டர்ஸுக்கு அந்த அளவு நேரத்தைக் கதை கொடுக்கவில்லை. அவனோடு சேர்ந்து அன்றைய இரவின் சண்டையைப் போடலாம். அதற்குமேல் அவன் என்ன செய்தான் என்பதை நாம் கூட இருந்து பார்க்க முடிவதில்லை.

ஜெயித்ததா அவன் கணக்கு?

"ஆனா அவன் நெனைச்சது நடந்துச்சுல்ல?" ஆண்டர்ஸ் பக்கம் நிற்பவர்கள் கடைசியாக எடுக்கும் வாதம் இது. நானும் எடுத்தேன்.

2014-ல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குயிசிஷன்' கேமில், மேஜ்களும் டெம்ப்ளர்களும் கண்டம் முழுக்கப் போர் செய்துகொண்டிருக்கிறார்கள். சர்க்கிள்கள் உடைந்துவிட்டன. இதற்கு ஆண்டர்ஸின் வெடி மட்டுமே காரணமும் இல்லை. ட்ராங்க்வில் நிலையை மாற்ற முடியும் என்ற ரகசியம் வெளியானதும் மேஜ்களின் கோபத்தை மேலும் கிளப்பியது. டேவிட் கைடர் எழுதிய 'அசண்டர்' நாவல் அந்தக் கதையைச் சொல்கிறது.

அந்தப் போரில் வீடிழந்து பசியோடு நிற்கும் அகதிகளுக்கு உதவுவதுதான் 'இன்குயிசிஷன்' தொடக்கத்தில் நமக்குக் கிடைக்கும் வேலைகளில் ஒன்று. ஆண்டர்ஸ் டார்க்டவுனில் யாருக்கு வைத்தியம் பார்த்தானோ, அதே மாதிரி மக்கள். அவன் தொடங்கி வைத்த போர், அவனுடைய மருத்துவமனை வாசலில் நிற்கிற கூட்டத்தை இன்னும் நீளமாக்கியிருக்கிறது.

கடைசியில் மேஜ்களுக்குச் சுதந்திரம் நிலைத்ததா? அது நம் ஆட்டத்தைப் பொறுத்தது. சான்ட்ரியின் அடுத்த தலைவராக லெலியானா வந்தால் சர்க்கிள் முறையே ஒழியலாம். விவியன் வந்தால் பழையபடி சர்க்கிள் திரும்பும். சான்ட்ரி இடிந்ததற்குப் பல வருடம் கழித்தும், யாரோ உட்கார்ந்து பேசி, ஆதரவு திரட்டித்தான் அந்த முடிவு வர வேண்டியிருக்கிறது. எந்தச் சமரசத்தை அவன் வெடி வைத்து ஒழித்தானோ, அதே சமரசத்துக்குத்தான் கதை திரும்ப வருகிறது.

'வெறும் கேம்தானே?'

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். சினிமாவில் ஹீரோ வில்லனை மன்னித்தால் நாம் கைதட்டுவோம், அல்லது திட்டிவிட்டு எழுந்து போவோம். முடிவு இயக்குநருடையது. கேமில் பட்டனை அழுத்துவது நம் விரல்.

ஒரு கூத்து என்னவென்றால், ஆண்டர்ஸ் உதவி கேட்கும்போது நாம் மறுத்தாலும் சான்ட்ரி வெடிக்கத்தான் செய்யும். "அப்புறம் என்ன சாய்ஸ் இது?" என்று பலர் கடுப்பானார்கள். எனக்கோ அதுதான் சரியென்று படுகிறது. நமக்கு நெருக்கமான ஒருவர் செய்யும் தப்பைத் தடுக்கும் வாய்ப்பு பல நேரம் நம் கைக்கு வருவதே இல்லை. விஷயம் தெரியவரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப்பின் அவரை என்ன செய்வது என்பது மட்டும்தான் நம் முன் இருக்கும் கேள்வி.

என் மூன்றாவது ஆட்டம்

போன மாதம் மூன்றாவது முறையாக ஆடினேன். இந்தத் தடவை அண்ணன் மாதிரியே வாள்வீராங்கனையாக. பெத்தனி சர்க்கிளில் இருந்தாள். மரப்பெட்டி வந்தது.

இப்போது என் பதில் இது. சான்ட்ரிக்குள் இறந்தவர்களுக்காக ஆண்டர்ஸை மன்னிக்கும் உரிமை எனக்கு இல்லை. செபாஸ்டியனைப் பார்த்து 'பெருந்தன்மையாக இரு' என்று சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. கார்லுக்கு நடந்ததை நினைத்து அவன் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு.

நான் மன்னிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மருந்து என்று சொல்லி என்னைச் சேற்றில் இறக்கினானே, அந்தப் பொய். என் நட்பைக் கருவியாக்கினானே, அது. அது எனக்குச் செய்த துரோகம். அதை மன்னிப்பதும் மன்னிக்காததும் என் இஷ்டம்.

அந்த ஒன்றை மன்னித்தேன். மற்றதற்காக 'கூட வா' என்றேன். விடுதலை கொடுப்பதற்காக இல்லை. மெரில் சொன்னதுதான் காரணம். செத்துப்போனால் அவனுக்கு எல்லாம் முடிந்துவிடும். உயிரோடு இருந்தால், அவன் கிளப்பிவிட்ட கொலைவெறியிலிருந்து ஒரு மேஜையாவது அவன் கையாலேயே காப்பாற்ற வேண்டிவரும். என் பெத்தனியும் அந்தக் கோபுரத்தில்தானே இருந்தாள்!

அண்ணனுக்கு இப்போது வேறு ஊரில் வேலை. ஆட்டத்தை முடித்த கையோடு போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் இன்னிக்கு ஆடினாலும் கொல்லத்தான் செய்வேன்" என்றான். "சரிடா, அது உன் பெத்தனி" என்றேன்.

இந்த முறை யாரும் கதவைச் சாத்தவில்லை.